அம்மாவின் கிட்னிக்காக ஆறு மாதம் போன டயட் ஆலோசனை: என் அனுபவம்

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையை ஒட்டியிருக்கும் கிட்னி டயட் ஆலோசனை மையத்துக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஆறு மாதமாகப் போய் வருகிறேன். முதல் தடவைக்கு 800 ரூபாய், அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் 400. ஆறு மாதத்துக்குச் சேர்த்துக் கட்டினால் 3,000. நான் தயங்கித் தயங்கி மூன்றாவது தடவைதான் சேர்த்துக் கட்டினேன். முதலிலேயே கட்டியிருக்கலாம். இடத்தின் பெயரைப் போடவில்லை, நல்லதோடு குறைகளையும் எழுதப்போகிறேன் என்பதால். உங்கள் ஊரில் இதுபோல் ஓர் இடத்துக்குப் போனால் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று தெரிந்தால் போதும், அதற்காகத்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 61 வயது. 17 வருஷமாகச் சுகர், பத்து வருஷமாகப் பிரஷர். வழக்கமான பரிசோதனையில் கிரியாட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு) 1.7 என்று வந்தது. ஈஜிஎஃப்ஆர் (கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் எண்) 34, சிறுநீரில் புரதம் போகிறது. கிட்னி டாக்டர் பார்த்துவிட்டு 3பி நிலை என்றார். அதாவது ஈஜிஎஃப்ஆர் 30க்கும் 44க்கும் நடுவில். கால் வீங்கவில்லை, சிறுநீர் போவதில் ஒரு மாற்றமும் இல்லை, மூச்சு வாங்கவில்லை. "எனக்கு ஒண்ணுமே செய்யலையேம்மா, ரிப்போர்ட்டை மாத்திக் குடுத்துட்டாங்களா?" என்று அம்மா வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தார்.

அப்போது நாங்கள் காட்டிக்கொண்டிருந்த இடத்தில் மாத்திரைச் சீட்டோடு ஒரு ஜெராக்ஸ் தாளைக் கொடுத்தார்கள். பல தடவை நகலெடுத்து எழுத்து மங்கிப்போன தாள். பருப்பு கூடாது, கீரை கூடாது, தக்காளி, தேங்காய், வாழைப்பழம், உருளைக்கிழங்கு, முட்டை, பால், மீன், கொத்தமல்லி என்று நீளமாகப் போகும். சாப்பிடலாம் என்ற பக்கத்தில் புடலங்காய், சுரைக்காய், பூசணிக்காய், சாதம். அம்மா டாக்டர் சொன்னால் சொன்னதுதான் என்று நினைக்கிறவர். மூன்று மாதம் வெறும் சாதத்தில் பருப்பில்லாத ரசத்தை ஊற்றிப் புடலங்காய்ப் பொரியலைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டார். 62 கிலோ இருந்தவர் 57 கிலோவுக்கு வந்துவிட்டார். ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. ஆனால் அடுத்த ரிப்போர்ட்டில் கிரியாட்டினின் 1.6. நாங்கள் சந்தோஷப்பட்டோம், டயட் வேலை செய்கிறது என்று அண்ணனுக்குத் திருப்பூருக்கு போன் போட்டுச் சொன்னேன். அது எவ்வளவு தப்பான சந்தோஷம் என்று பிறகுதான் தெரிந்தது.

அந்த நேரத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். கடையில் சோடியம் குறைந்த உப்பு என்று ஒரு பாக்கெட் பார்த்தேன். பிரஷர்காரர்களுக்கு நல்லது என்று பெரிதாக அச்சடித்திருந்தது, சாதா உப்பைவிட மூன்று மடங்கு விலை, விலை கூடினால் என்ன என்று வாங்கிவந்து வீட்டு உப்பு ஜாடியையே மாற்றிவிட்டேன். அது கொஞ்சம் சப்பென்று இருக்கும், அதனால் கூடுதலாகவே போட்டோம். அஞ்சு வாரம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 5.9. அதற்கு முந்தைய தடவை 4.8தான். லேபிலிருந்து அவர்களே போன் செய்தார்கள். அன்றைக்கே இசிஜி எடுத்து, தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் பவுடர் ஒன்றைக் கொடுத்தார்கள். பொட்டாசியம் இன்னும் ஏறியிருந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகும் என்று டாக்டர் சொன்னார். "வீட்ல என்ன சாப்பிட்டாங்க, எதை மாத்துனீங்க?" என்றுதான் கேட்டார், உப்பு எனக்கு நினைவுக்கே வரவில்லை. வாழைப்பழம்கூடத் தரவில்லை என்று சத்தியம் செய்தேன். அவர்தான் இந்த டயட் மையத்துக்கு எழுதிக் கொடுத்தார்.

இனி இந்த மையத்தைப் பற்றி. டோக்கன் வாங்கும்போதே, வீட்டுச் சமையலறையில் இருக்கிற பாக்கெட் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாங்க, மாத்திரைகளையும் கொண்டு வாங்க என்றார்கள். அண்ணாச்சிக் கடைக் கட்டைப் பையில் உப்பு, சாம்பார்ப் பொடி, அப்பளம், பிஸ்கட், ஊறுகாய் பாட்டில், ராகி மால்ட், சூப் பவுடர் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனோம். டயட்டீஷியன் முப்பது வயதுக்குள் இருக்கும் பெண். முதலில் ரிப்போர்ட்டைத் தேதிவாரியாக மேஜைமேல் வரிசையாக அடுக்கினார். அப்புறம் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பின்பக்கத்தைத் திருப்பிப் படித்தார். உப்புப் பாக்கெட்டில் நின்றுவிட்டார்.

"இந்த உப்பை யார் வாங்குனது?"

"நான்தான் மேடம். பிரஷருக்கு நல்லதுன்னு போட்டிருந்துச்சு."

"பிரஷருக்கு நல்லதுதான். கிட்னி நல்லா இருக்கிறவங்களுக்கு."

பின்பக்கத்தில் கடுகு அளவு எழுத்தில் பொட்டாசியம் குளோரைடு என்று இருந்தது. சோடியத்தைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் இதைச் சேர்த்திருக்கிறார்கள். அவர் ஒரு தாளில் கணக்குப் போட்டே காட்டினார். இந்த உப்பில் நூற்றுக்கு முப்பது பங்கு பொட்டாசியம் குளோரைடு, நாளைக்கு 5 கிராம் சாப்பிட்டால் அதிலிருந்து மட்டும் 780 மில்லிகிராம் பொட்டாசியம் உள்ளே போகிறது, ஏறக்குறைய இரண்டு நடுத்தர வாழைப்பழம் சாப்பிட்ட மாதிரி. அம்மா பிரஷருக்கு எடுக்கும் டெல்மிசார்டன் கிட்னிக்கு நல்ல மாத்திரைதான், ஆனால் அதுவும் பொட்டாசியத்தைக் கொஞ்சம் ஏற்றும். இரண்டும் சேர்ந்துகொண்டது. உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் இந்த மாதிரி உப்புக்கு மாறலாம் என்று ஒரு பரிந்துரை வெளியிட்டபோதும் கிட்னி பாதித்தவர்களுக்கு அது பொருந்தாது என்று தனியாகவே சொல்லியிருக்கிறது. அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் என்னைத் திட்டவில்லை. பாக்கெட்டைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, அடுத்த பொருளை எடுத்தார். அந்த உப்பை நிறுத்திய இரண்டு வாரத்தில் பொட்டாசியம் 4.9க்கு வந்தது.

அப்புறம் அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து நிற்கச் சொன்னார். அம்மாவால் முதல் தடவை முடியவில்லை. இரண்டாவது தடவை முன்னால் சாய்ந்து, தம் கட்டி எழுந்தார், நாலாவது தடவையில் போதும் தாயி என்று உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்த்தபோதுதான் அந்த 1.6க்கு அர்த்தம் புரிந்தது. கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. தசை கரைந்தால் கிட்னி கொஞ்சமும் தேறாமலேயே அந்த எண் குறையும். மூன்று மாதத்தில் அம்மா இழந்த அஞ்சு கிலோவில் தசையும் போயிருக்கிறது, அதைத்தான் முன்னேற்றம் என்று நாங்கள் கொண்டாடியிருக்கிறோம். 'பத்தே நாளில் கிரியாட்டினின் குறையும்' என்று போனில் வரும் வீடியோக்களை யாராவது நம்பிக்கொண்டிருந்தால் தயவுசெய்து இந்த ஒரு பத்தியை அவர்களுக்குக் காட்டுங்கள்.

புரதத்தை அவர் முழுக்கத் தடுக்கவில்லை, அளந்து கொடுத்தார். டயாலிசிஸ் வரைக்கும் போகாதவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம், இது கேடிகோ என்ற சர்வதேச அமைப்பின் 2024 வழிகாட்டியில் உள்ள அளவு. டயாலிசிஸ் தொடங்கியவர்களுக்கு இது பத்தாது, அவர்களுக்குக் கூட வேண்டும், அதனால் இந்தக் கணக்கை அவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. அம்மாவுக்கு 58 கிலோ என்று வைத்து நாளைக்கு 46 கிராம். மூன்று இட்லி, பருப்பு 40 கிராம் பச்சையாக அளந்து, ஒரு முட்டை, 200 மில்லி பால், மூன்று வேளைக்குமான சாதத்திலும் காயிலும் இருப்பது, எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய அங்கே வந்து நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை முட்டைக்குப் பதில் ஒரு சின்னத் துண்டு மீன், அன்றைக்குப் பருப்பு பாதி. "அப்ப நான் பருப்பு தின்னலாமா தாயி?" என்று அம்மா கேட்ட குரலை நான் மறக்க மாட்டேன். அன்று ராத்திரி வீட்டில் பாசிப்பருப்புக் கடைசல்.

உப்புதான் கடினமான பாடம். நாளைக்கு 5 கிராம், அதற்கு மேல் வேண்டாம், அதிலேயே 2 கிராம் சோடியம் வந்துவிடும். "உங்க கரண்டியில ஒரு கரண்டி எவ்வளவு?" என்று கேட்டு, சின்ன டிஜிட்டல் தராசில் அம்மாவையே அள்ளிப் போடச் சொன்னார். அம்மா வழக்கம்போல் குவித்து அள்ளியது 9 கிராம். சாம்பாருக்கு அப்படி ஒன்றரை, ரசத்துக்கு ஒன்று, சாதம் வடிக்கும்போது கொஞ்சம், மோரில் ஒரு சிட்டிகை. மாவில் போடுவதை யார் கணக்கில் வைத்தார்கள்! இப்போது காலையிலேயே 4 கிராம் அளந்து ஒரு குங்குமச்சிமிழ் அளவு டப்பாவில் போட்டுவிடுகிறேன். அம்மாவுக்கு அன்றைக்கு அவ்வளவுதான், மீதி 1 கிராம் பாலிலும் மற்றதிலும் இருப்பதற்கு விட்டுவிடுகிறோம். குழம்பு எல்லோருக்கும் உப்பில்லாமல் கொதிக்கும், அம்மாவுக்கு எடுத்து வைத்தபிறகு மற்றவர்களுக்கு உப்புப் போடுகிறோம். முதல் மூன்று வாரம் வாயில் வைக்க முடியவில்லை என்றார். எலுமிச்சம்பழம் பிழிந்து, மிளகும் சீரகமும் வறுத்துப் பொடித்துப் போட்டு, பூண்டைத் தாராளமாகத் தட்டிப் போட்டுச் சமாளித்தோம். இப்போது கல்யாண வீட்டுச் சாம்பார் அவருக்குக் கரிக்கிறது.

கல் உப்பு நல்லது, இந்துப்பு நல்லது என்று சொல்கிறார்களே என்று கேட்டேன். இரண்டிலும் பெரும்பங்கு சோடியம் குளோரைடுதான், நிறம்தான் வேறு, கிராம் கணக்கு மாறாது என்றார். அப்பளத்தில் உப்பு மட்டுமல்ல, அப்பளக்காரமும் சோடியம்தான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஆப்ப சோடாவும் அப்படியே. மோர்மிளகாய், வடகம், கருவாடு, ஊறுகாய் பற்றிச் சொல்லவே வேண்டாம், அவை மேல் அலமாரிக்குப் போய்விட்டன.

பாக்கெட்டின் பின்பக்கம் படிக்கக் கற்றுக்கொடுத்தது எனக்குக் கிடைத்த பெரிய பயன். ஐஎன்எஸ் (உணவில் சேர்க்கும் பொருளுக்கான எண்) 508 என்று இருந்தால் பொட்டாசியம் குளோரைடு. 338லிருந்து 341 வரை, 450, 451, 452 என்று இருந்தால் பாஸ்பரஸ் சேர்த்திருக்கிறார்கள். பருப்பில் இயற்கையாக இருக்கும் பாஸ்பரஸை உடம்பு முழுசாக உறிஞ்சுவதில்லை, ஆனால் பாக்கெட் உணவிலும் கறுப்பு கோலாவிலும் கலந்திருப்பது பெரும்பாலும் அப்படியே ரத்தத்துக்குப் போய்விடும். பருப்பை நிறுத்திவிட்டு பிஸ்கட்டும் சூப் பவுடரும் கொடுத்துக்கொண்டிருந்தோம் என்பதை நினைத்தால் இன்னும் வயிற்றைப் பிசைகிறது.

காய்கறி விஷயத்தில், அம்மாவுக்குப் பொட்டாசியம் எகிறியிருந்த அந்த இரண்டு மூன்று வாரத்துக்கு மட்டும், உருளை, கீரை, முருங்கைக்காய் மாதிரிக் காய்களைச் சின்னதாக நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுத் தாளிக்கச் சொன்னார். வெறுமனே ஊறப்போட்டால் பத்தாது, கொதிக்க வேண்டும். வடித்த நீரில் ரசம் வைக்கும் பழக்கம் எங்கள் வீட்டில் உண்டு, அதையும் நிறுத்தினோம். அளவு இறங்கியதும் ஒவ்வொரு காயாகத் திரும்பச் சேர்த்தார். இப்போது தக்காளி உண்டு, வாரம் இரண்டு தடவை கீரை உண்டு, கொய்யாவும் ஆப்பிளும் துண்டு கணக்கில் உண்டு. இளநீர் மட்டும் இல்லை. பொட்டாசியம் ஏறாத ஒருவருக்குக் காய்கறி பழத்தை எல்லாம் நிறுத்தினால் மலச்சிக்கல்தான் மிச்சம் என்றார்.

சொந்தக்காரர்கள் சொன்ன வைத்தியங்களை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போனேன், பொறுமையாக ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். பெரியம்மா சொன்ன வாழைத்தண்டு ஜூஸ் கல் அடைப்புக்குச் சொல்லும் கைவைத்தியம், சுகரால் கிட்னி பழுதானவருக்கு அதில் வேலை இல்லை, தினமும் டம்ளர் டம்ளராகக் குடித்தால் பொட்டாசியம்தான் சேரும். சித்தப்பா வாங்கிவந்த ஆட்டுக்கால் சூப் வேண்டாம். வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி என்பதும் வேண்டாம், அதிலும் சர்க்கரைதான், கூடவே பொட்டாசியம். பக்கத்து வீட்டில் காய்க்கும் நட்சத்திரப் பழத்தைப் பற்றிக் கேட்டதும் முகமே மாறிவிட்டது. கிட்னி பாதித்தவர்களுக்கு அது விஷம் மாதிரி, விக்கலில் தொடங்கி குழப்பம், வலிப்பு வரை போகும், ஒரு துண்டுகூட வேண்டாம் என்றார். கொழுப்புக்கு நல்லதென்று இரும்பன் புளி (பிலிம்பி) ஜூஸ் குடித்துக் கிட்னி பழுதாகி வந்தவர்களைப் பற்றிக் கேரளத்து மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள் என்றும் சொன்னார். தண்ணீர் நாலு லிட்டர் குடி என்று எல்லோரும் சொன்னார்கள். அம்மாவுக்கு இப்போது வீக்கம் இல்லை, தாகத்துக்குக் குடித்தால் போதும், கால் வீங்கினால் உடனே டாக்டரிடம் அளவு கேளுங்கள் என்றார்.

சாப்பாட்டைத் தாண்டியும் கேட்டார், அது எனக்குப் பிடித்திருந்தது. முழங்கால் வலிக்கு என்ன போடுறீங்க என்றார். அம்மா மெடிக்கலில் கேட்டு வாங்கும் மாத்திரை அட்டையை மடியிலிருந்து எடுத்துக் காட்டினார். டைக்ளோஃபெனாக், கிட்னியைக் கெடுக்கக்கூடிய வலி மாத்திரை. கிட்னி டாக்டருக்கே தெரியாது! அங்கிருந்தே டாக்டருக்கு போன் போட்டு நிறுத்தச் சொல்லி வாங்கினார். லோ சுகர் வந்தால் என்ன செய்வீங்க என்றார், ஆரஞ்சு ஜூஸ் என்றோம். மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடர் தண்ணீரில் கலந்து கொடுங்க, கிட்னி குறையக் குறைய இன்சுலின் உடம்பில் கூட நேரம் தங்கும், லோ சுகர் அடிக்கடி வரலாம், டாக்டரிடம் டோஸ் பற்றிப் பேசுங்க என்றார். வாரத்துக்கு 150 நிமிஷம் நடை. அம்மா இப்போது வாரத்தில் அஞ்சு நாள் சாயங்காலம் மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்றி அரைமணி நேரம் நடக்கிறார், கூட இரண்டு தோழிகளும் சேர்ந்துவிட்டார்கள்.

குறைகளும் இருக்கின்றன. காத்திருப்பு அதிகம். 10 மணி டோக்கனுக்கு 11.45க்குக் கூப்பிட்டார்கள், சுகர் இருப்பவர்களை அப்படிப் பசியோடு உட்கார வைக்கக் கூடாது. அவர்கள் தரும் செல்போன் செயலி முழுக்க இங்கிலீஷ், அதில் ஓட்ஸும் பிராக்கோலியும் இருக்கிறது, குழிப்பணியாரம் இல்லை. அம்மாவுக்கு ஒரு நாள்கூடப் பயன்படவில்லை, கடைசியில் டயட்டீஷியன் கையால் தமிழில் எழுதிக் கொடுத்த தாள்தான் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறது. வரவேற்பில் ஒரு டப்பா பவுடரை வாங்கச் சொல்லி வற்புறுத்துகிறார்கள், 1,150 ரூபாய். உள்ளே கேட்டபோது அம்மா வாயால் சாப்பிட முடிகிறது, இப்போதைக்குத் தேவையில்லை என்று அவரே சொல்லிவிட்டார். அப்படியானால் வெளியே அதை ஏன் நீட்ட வேண்டும்? மதியச் சாப்பாடு வீட்டுக்கு அனுப்பும் சேவையையும் ஒரு வாரம் எடுத்துப் பார்த்தேன், நாளைக்கு 160 ரூபாய். உப்பு குறைவுதான், ஆனால் கிட்னிக்காரர், சுகர்காரர், எடை குறைக்க நினைப்பவர் எல்லோருக்கும் ஒரே டப்பா. பொட்டாசியம் இறங்கிக்கொண்டிருந்த அந்த வாரத்திலேயே தக்காளி சூப்பும் இளநீர்ப் பாயசமும் வந்தது. நிறுத்திவிட்டேன்.

நாலாவது தடவை எங்கள் டயட்டீஷியன் லீவு, வேறொருவர் பார்த்தார். ரிப்போர்ட் ஃபைலைத் திறக்கவே இல்லை. அச்சடித்த தாள் ஒன்றை நீட்டினார், முதலில் எங்களுக்குக் கிடைத்த ஜெராக்ஸுக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. நான் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவர் வரும் நாளுக்கு டோக்கனை மாற்றிக்கொண்டேன். ஆகவே 3,000 ரூபாய் அந்தக் கட்டடத்துக்குக் கொடுத்ததாக நான் நினைக்கவில்லை. ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுப் பேசும் அந்த ஒரு பெண்ணுக்குக் கொடுத்தேன். நீங்கள் போகும் இடத்தில் கடைசி ரத்தப் பரிசோதனையைக் கேட்காமல் சார்ட் எடுத்து நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆறு மாதம் கழித்து அம்மாவின் நிலைமை இது: கிரியாட்டினின் 1.7, ஈஜிஎஃப்ஆர் 34, தொடங்கிய இடத்திலேயே. பொட்டாசியம் 4.7. எடை 60 கிலோ. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் அரை நிமிஷத்தில் பத்து தடவை எழுந்துவிடுகிறார். சிறுநீரில் புரதம் குறைந்திருக்கிறது, அதில் டாக்டர் புதிதாகத் தொடங்கிய டபாகிளிஃப்ளோசின் மாத்திரைக்கும் பங்கு இருக்கிறது, எல்லாம் சாப்பாட்டால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். போன கிட்னி திரும்பி வரவில்லை, வராது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். இருப்பதைப் பிடித்து வைத்திருக்கிறோம், அம்மா பட்டினி கிடக்காமல் இருக்கிறார்.

போகிறவர்களுக்கு: புதன்கிழமை கூட்டம் குறைவு, சனிக்கிழமை போகாதீர்கள். இரண்டு வாரத்துக்குள் எடுத்த பொட்டாசியம், பாஸ்பரஸ், அல்புமின், எச்பிஏ1சி (மூன்று மாதச் சுகர் சராசரி) ரிப்போர்ட்டுகள், வீட்டு பிரஷர் குறித்த நோட்டு, மாத்திரை அட்டைகள், சமையலறைப் பாக்கெட்டுகள், நீங்கள் உப்பு அள்ளும் அதே கரண்டி, இவ்வளவும் கையில் இருக்கட்டும். சமைக்கிறவர் யாரோ அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். காத்திருக்க நேரிடும், நோயாளிக்கு இரண்டு இட்லி கட்டிக்கொள்ளுங்கள்.